நாற்காலி கேட்ட சாட்சி

அக்னஸுக்கு என்ன நோய் என்று கேட்டால் தில்லியில் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. அவள் நர்ஸாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் டென்ஷன் என்றார். முனிர்காவில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, மதராசிகள் மூன்று வேளையும் சோறு தின்பதால் வரும் மந்தம் என்றாள். திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணி, நாலு பிள்ளை பெற்றிருந்தால் படுக்க நேரம் இருந்திருக்காது என்று போனில் சிரித்தாள். மரியா அக்கா சொன்ன பதில்தான் எல்லாவற்றிலும் கொடியது. "விசுவாசம் போராது மக்களே," என்றாள்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அக்னஸ் வார்டில் இருந்தாள். அதற்கு முந்தைய வருஷம்தான் நாடே பால்கனியில் நின்று தட்டைத் தட்டி அவளைப் போன்றவர்களைக் கௌரவித்திருந்தது. பிளாஸ்டிக் உடுப்புக்குள் வெந்து, மூச்சுக்குத் தவித்தவர்களுக்கு நடுவே ஓடி, கடைசியில் அவளும் காய்ச்சலில் விழுந்தாள். சில வாரத்தில் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. கிருமி போய்விட்டது. பழைய அக்னஸ் திரும்பி வரவில்லை.

குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக் கை எழும்பாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள்போல இருப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போது வார்த்தை நழுவிப்போகும். தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயரைத் தேடுவாள். இதில் ஒரு வஞ்சகமும் இருந்தது. அதிகம் வேலை செய்த அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் அடி விழும். விழுந்தால் எழ வாரக்கணக்காகும். ஆகவே அவள் நன்றாக இருக்கும்போது மட்டும்தான் மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். படுத்துக் கிடந்தபோது பார்த்தவன் கணவன் பெலிக்ஸ் ஒருவன்தான். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். அவன் பேச்சை யார் எடுப்பார்கள்?

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். சோதனையில் தெரியாதது உடம்பிலும் இல்லை என்று முடிவு கட்டுவதற்குப் பெயர் விஞ்ஞானம் இல்லை, சோம்பேறித்தனம். ஆனால் சோம்பேறி என்ற பட்டம் கிடைத்தது அக்னஸுக்கு.

இந்த இடத்தில் மரியாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரி; ஒற்றை ஆளையும் செல்லமாக 'மக்களே' என்று கூப்பிடும் ஊர். அதே ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். எந்த நர்ஸ் எந்த வார்டு, யாருக்குப் பகல் யாருக்கு இரவு என்பதை முடிவு செய்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஜெபக்கூட்டத்துக்குத் தூண். ஆஸ்பத்திரியில் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும், கோயிலில் அக்கா என்று கூப்பிட வேண்டும். இடம் மாறிக் கூப்பிட்டவர்கள் அந்த மாதம் எந்த டியூட்டியில் இருந்தார்கள் என்று விசாரித்தால் தெரியும்.

ரத்த மாதிரி எடுக்கும் அறையில் ஓர் இடம் காலியானது. உட்கார்ந்து செய்யும் வேலை, பகலில் மட்டும். ஓடவேண்டாம், நோயாளியைத் தூக்கவேண்டாம். அக்னஸ் அதைக் கேட்டுப் போனாள்.

"பார்ப்போம் மக்களே," என்றாள் மரியா. "முதல்ல பெப்ரவரி பெருவிழாவுக்கு வா. ஆண்டவரு தருவதுக்கு முன்னால நான் எதுக்கு பிள்ளே தரணும்?"

நிபந்தனை என்று யாரும் சொல்லவில்லை. அக்னஸும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு உண்மையிலேயே சுகமாக வேண்டும் என்றிருந்தது.

பெருவிழா என்பது வருஷத்துக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் சுகமளிக்கும் ஜெபம். நடத்துபவர் இருதயசாமி அண்ணன். மத்திய அரசின் ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸராக ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்திய மனிதருக்கு மோட்சமும் ஒரு செக்ரட்டேரியட்டாகத்தான் தெரிந்தது. அவருடைய போதனை இது: "மனு மேலே போயாச்சு. சாங்ஷன் ஆயாச்சு. ஆர்டர் கைக்கு வர்றதுக்கு நாளாகும், அவ்வளவுதான். சாங்ஷன் ஆனதையே வந்ததா எடுத்துக்கிட்டு சாட்சி சொல்லணும். சொன்னாத்தான் ஆர்டர் இறங்கும்."

அதாவது, குணமாவதற்கு முன்பே குணமாகிவிட்டது என்று மேடையில் அறிவிக்க வேண்டும். அதுதான் விசுவாசம். அரைமனதாகச் சொன்னால் கோப்பு திரும்பிவிடும். பாதிப்பேர் அரசாங்க குமாஸ்தாக்களாக இருந்த அந்தக் கூட்டத்தில் இதை ஒருவர்கூட விசித்திரமாக நினைக்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் எல்லாமே அப்படித்தான் நடந்திருந்தது.

மரியா அவள் தலையில் கை வைத்து ஜெபித்தாள். கீபோர்டு அலறியது, நூற்றுக்கணக்கானவர்கள் கை தூக்கி அழுதார்கள். அக்னஸும் அழுதாள். அழுதபோது உடம்பு லேசானதுபோல இருந்தது. இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. ஆபத்திலும் ஆரவாரத்திலும் உடம்பு தன் கடைசித் தெம்பையும் எடுத்து நீட்டும். மானுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. அக்னஸ் மைக்கைப் பிடித்து, "எனக்குச் சுகமாயிடுச்சு," என்றாள்.

"ஓடிக் காட்டு மக்களே," என்றாள் மரியா.

அக்னஸ் மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடினாள். திரும்பியும் ஓடினாள். பந்தலே எழுந்து நின்று கை தட்டியது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ தில்லித் தமிழ்க் கத்தோலிக்கர்களின் எல்லா வாட்ஸப் குழுக்களையும் சுற்றி வந்து, திண்டுக்கல் அண்ணியிடமும் போய்ச் சேர்ந்தது.

வீடியோ அந்த ஓட்டத்தோடு முடிந்துவிடும். அடுத்தது அதில் இல்லை. இரண்டாம் நாள் காலை அக்னஸால் எழ முடியவில்லை. தவக்காலம் முழுவதும் படுக்கையில் கிடந்தாள். தான் ஓடுவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் போனைத் தூக்கிப் பிடிக்கக்கூட அவளுக்குக் கையில் வலு இல்லை.

ஈஸ்டருக்குப் பிறகு பெலிக்ஸ் அவளை ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனான். அரைநாள் காத்திருந்த பிறகு ஓர் இளம்பெண் டாக்டர் பார்த்தாள். அவள் செய்த அற்புதம் இதுதான்: குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். பிறகு, கொரோனா போகும்போது விட்டுப்போகும் நோய் இது என்று அதன் பெயரைச் சொன்னாள். மருந்து கிடையாது என்பதையும் சொன்னாள்.

"முனிர்காவில்தானே இருக்கிறீர்கள்? மாடித் தொட்டிக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் ஏறும், இல்லையா? உங்கள் உடம்பும் இனி அப்படித்தான். தொட்டி காலியாகும் முன்பே குழாயை மூடுங்கள். காலியான பிறகும் இழுத்தால் மோட்டார் எரிந்துவிடும்," என்று இந்தியில் விளக்கி, உட்கார்ந்து செய்யும் பகல் வேலை கொடுக்கும்படி சான்றிதழும் எழுதிக் கொடுத்தாள்.

அக்னஸ் அதை எடுத்துக்கொண்டு தன் ஆஸ்பத்திரியின் நிர்வாகி அரோராவிடம் போனாள். அரோரா பஞ்சாபி. மருத்துவம் படித்தவர் இல்லை. ஆஸ்பத்திரியை ஓட்டலைப்போல நடத்தத் தெரிந்தவர். சான்றிதழைப் படித்துவிட்டு மரியாவைக் கூப்பிட்டார். மரியா சான்றிதழைத் தொடவில்லை. தன் போனை அவர் முன்னால் வைத்தாள்.

அரோரா வீடியோவை முழுக்கப் பார்த்தார். "நன்றாகவே ஓடுகிறீர்களே சிஸ்டர்," என்றார்.

"சார், அது..."

"இவளே சொல்லியிருக்கிறாள், சுகமாகிவிட்டது என்று. யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை," என்றாள் மரியா.

வெளியே வந்து வராந்தாவில் அக்னஸ் அவளை மறித்தாள். "மேடம், உங்களுக்குத் தெரியும்ல. ஓடச் சொன்னதே நீங்கதான."

"என் கையை வச்சி ஜெபிச்சது பிள்ளே," என்றாள் மரியா, குரலைத் தாழ்த்தி. "உனக்குச் சுகம் இல்லன்னா என் கைக்கு என்ன அர்த்தம்? நீ ஆண்டவரைப் பொய்யாக்கப் பாக்கியா?"

அவளுடைய கையின் கௌரவத்துக்காக ஒருத்தியின் கால்கள் முறியவேண்டும். கோயில்களிலும் ஆபீஸ்களிலும் நடக்கும் பாதிக் கொடுமைகளுக்கு இதற்கு மேல் பெரிய காரணம் இருப்பதில்லை.

அந்த மாதமே அக்னஸுக்குப் பொது வார்டில் இரவு டியூட்டி போட்டாள் மரியா. அக்னஸ் சில நாள் தாக்குப்பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு நோயாளியின் கட்டிலைப் பிடித்தபடியே சரிந்தாள். சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள். கூடவே ஒரு செய்தியும் வந்தது: அடுத்த மார்ச்சில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எல்லா டியூட்டிக்கும் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கூட வேலை பார்த்த விழுப்புரத்துக்காரி தமிழ்செல்வி மூன்று மாடி ஏறி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சாமி கும்பிடாதவள், வாய் ஓயாதவள்.

"ஏய் அக்னஸு, நீ ஓடுன ஓட்டத்துக்கு உன்னை ஏஷியன் கேம்ஸ்ல ஓட விட்டிருக்கணும்டி. வீணா வார்டுல போட்டுட்டாங்க."

"சிரிக்க வைக்காதடி. சிரிச்சாலும் வலிக்குது."

"அந்தம்மா டீயில ரெண்டு பேதி மாத்திரை போட்டுடவா?"

"வேணாம். அவங்க ரூம்லயே பாத்ரூம் இருக்கு."

"இவ்வளவு யோசிச்சிருக்கியா நீ?"

"படுத்துக் கெடக்கறவளுக்கு வேற என்னடி வேலை?"

உண்மைதான். அந்த நாட்களில் அக்னஸ் பழிவாங்குவதைத் தவிர எதையும் நினைக்கவில்லை. மரியாவைச் சந்தியில் நிறுத்திக் கேள்வி கேட்டாள், படியில் உருட்டினாள், வெள்ளைப் புடவையில் சாணி கரைத்து ஊற்றினாள்; எல்லாம் மனசுக்குள். அங்கேதான் நோய் அவளை மறுபடி ஏமாற்றியது. கோபப்பட்ட மறுநாள் எழ முடியவில்லை. படியேறினாலும் அடி, கோபப்பட்டாலும் அதே அடி. உடம்புக்கு இரண்டும் ஒரே வேலைதான். நர்ஸ் என்பதால் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மரியாவின் முகத்தை நினைத்தாலே துடிப்பு எகிறியது.

"அவங்க என்னை ரெண்டு தடவ கொல்றாங்க," என்று பெலிக்ஸிடம் சொன்னாள். "ஒருதடவ டியூட்டி போட்டு. ஒருதடவ நெனைக்க வச்சு."

"அப்ப மன்னிச்சு விட்டுரு அக்னஸு."

"மன்னிக்கவா? நல்லா இருக்கே. பழிவாங்கணும்னாலும் தெம்பு வேணும்ல. அதைத்தான் சேக்கணும்."

அவள் உடம்பைக் கவனிக்கத் தொடங்கியது அப்படித்தான். ஆரோக்கியப் பத்திரிகைகளில் சிரித்துக்கொண்டு யோகா செய்யும் பெண்களைப்போல அமைதி தேடி இல்லை. ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்கு உடம்பு வேண்டும். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளித்தாள். தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு எதுவும் செய்யவில்லை. வெங்காயத்தைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு உரித்தாள், குக்கரைப் பெலிக்ஸ் ஏற்றினான். களைப்பு வந்த பிறகு படுப்பதை விட்டு, வருவதற்கு முன்பே படுத்தாள். தான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்போது படுப்பதுதான் இருப்பதிலேயே கடினமான மருத்துவம். பல் தேய்க்கும்போது நாடி ஏறினால் பாதியில் பிரஷை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கீழே இறங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து ஏறினாள். வீட்டுக்காரி, "கியா, மகாராணி சவாரி போய் வந்தாச்சா?" என்பாள். பதில் சொல்வதும் ஒரு வேலை என்பதால் அக்னஸ் சொல்லமாட்டாள்.

கோபத்துக்கும் நேரம் ஒதுக்கினாள். காலைக் கஞ்சிக்குப் பிறகு கொஞ்சம் திட்டிக்கொள்ளலாம். அப்புறம் மூடிவிட வேண்டும்.

அவளுடைய ஆண்டவர் இருக்கிறாரா என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் பெலிக்ஸ் வேலைக்குப் போன பிறகு, எழுந்திரு என்று சொல்லாமல் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்று அவள் சொன்னபோது, அவருக்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் வேறு பெயர் இல்லை.

ஜெபமாலை முழுக்கச் சொல்ல அவளால் முடியாது. ஒரு மணி உருட்டுவாள், தூங்கிப்போவாள், விழித்து அடுத்த மணிக்குப் போவாள். சுகம் தாரும் என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள். சிலுவைப்பாதையைத்தான் அதிகம் நினைத்தாள். சுமக்க முடியாமல் விழுந்து விழுந்து எழுந்த ஆள். வழியில் போன ஒருவனைப் பிடித்து இழுத்து அவருடைய சிலுவையைத் தூக்க வைத்தார்கள்.

"ரோமன் சிப்பாய்கூட லைட் டியூட்டி குடுத்திருக்கான்ங்க," என்று பெலிக்ஸிடம் சொன்னாள். "விசுவாசம் போதலன்னு சொல்லல."

அவள் வாய்விட்டுச் செய்த ஜெபத்தை ஒருநாள் பெலிக்ஸ் கேட்டுவிட்டான். "ஆண்டவரே, அந்தம்மா சாக வேணாம். என் உடம்பை ஒரு வாரம் மட்டும் அவங்களுக்குக் குடும். எல்லாம் நார்மல்னு ஒரு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் திருப்பி வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பழியை நீரே வச்சிரும், எனக்குக் கை வலிக்குது. ஆனா தொலைச்சிடாதேயும்."

"இதுவாடி ஜெபம்?"

"வேற எப்படிப் பண்றது? அவருக்குத் தெரியாததா?"

ஜனவரிக் கடைசியில் இருதயசாமி அண்ணனிடமிருந்து போன் வந்தது. "சகோதரி, போன வருஷம் சாட்சி சொன்னவங்க இந்த வருஷமும் வந்து சொல்லணும்னு கமிட்டியில முடிவாகியிருக்கு. ரென்யூவல் மாதிரி வச்சிக்குங்க. உங்க வீடியோதான் நம்பர் ஒன். உடம்பு எப்படி இருக்கு?"

"படுக்கையிலதாண்ணே இருக்கேன்."

"ஆர்டர் வழியில இருக்கு. நீங்க சாங்ஷனைச் சொல்லுங்க. மரியா சிஸ்டரே பக்கத்துல நிப்பாங்க. இந்தத் தடவ இந்திக்காரங்களும் நிறைய வர்றாங்க, நீங்க தமிழ்ல சொல்லச் சொல்ல அவங்க இந்தியில சொல்லுவாங்க. உங்க ஆஸ்பத்திரி அரோரா சாப்தான் சீஃப் கெஸ்ட். இலவச மருத்துவ முகாம் வச்சிருக்காங்கல்ல, அதுக்கு."

அக்னஸ் போனைக் காதில் வைத்தபடியே மறுகை மணிக்கட்டில் விரலை வைத்தாள். நாடி இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "வர்றேன்ணே," என்றாள்.

பெலிக்ஸுக்குப் பயம். "பேசிட்டு வந்து எத்தன நாளு கெடப்பியோ."

"கெடப்பேன். எதுக்கெதுக்கோ கெடந்தாச்சு. இதுக்குக் கெடந்தா என்ன?"

பிறகு வந்த நாட்களில் அவள் தெம்பைச் சேர்த்த விதம், கஞ்சன் காசு சேர்ப்பதை மிஞ்சியது. கோபப்படும் வேளையையும் ரத்து செய்தாள். படுத்தபடியே மனசுக்குள் வாக்கியங்களை அமைத்தாள். அவளுக்கு வார்டில் பழகிய இந்தி நன்றாகவே வரும். ஆனாலும் தமிழில்தான் தொடங்குவது என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு வாக்கியமும் சின்னதாக இருக்க வேண்டும். நீளமாகப் பேசினால் மொழிபெயர்ப்பவள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

பெருவிழா அன்று பெலிக்ஸும் தமிழ்செல்வியும் இரண்டு பக்கமும் பிடித்து அவளை இறக்கினார்கள். பிற்பகல் வெயில் இதமாக இருந்தது. முன்வரிசையில் மாலையோடு அரோரா. மேடையில் பட்டுப்புடவையில் மரியா, கையில் ஒரு மைக். அக்னஸ் பெயரைச் சொன்னதும் பந்தல் கை தட்டியது. எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள்.

"ஒரு நாற்காலி வேணும்," என்றாள் அக்னஸ்.

இருதயசாமி அண்ணன் குனிந்து, "சாட்சி நின்னுதான் சகோதரி சொல்றது வழக்கம்," என்றார்.

"அப்ப நான் போயிடறேன்."

நாற்காலி வந்தது. அக்னஸ் உட்கார்ந்து மூச்சு சமனாகும்வரை பேசவில்லை. கூட்டம் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு அல்லேலூயா சொன்னது.

"என் பேர் அக்னஸ். போன வருஷம் இதே மேடையில எனக்குச் சுகமாயிடுச்சுன்னு சொன்னேன்."

மரியா சிரித்த முகத்தோடு அதை இந்தியில் சொன்னாள். அழகான இந்தி.

"அது பொய்."

தமிழ்ப் பக்கம் அடங்கியது. இந்திப் பக்கம் மொழிபெயர்ப்புக்காக மரியாவைப் பார்த்தது.

"இந்தியில சொல்லுங்க மேடம்," என்றாள் அக்னஸ்.

கோயில் மேடையில் யாரும் மரியாவை மேடம் என்று கூப்பிட்டதில்லை. மரியா மைக்கை உயர்த்தி, இந்த சகோதரியின் விசுவாசம் பல சோதனைகளைத் தாண்டி வந்திருக்கிறது என்று இந்தியில் சொன்னாள். சில இந்திக்காரர்கள் கை தட்டினார்கள்.

அக்னஸ் கைதட்டல் ஓயக் காத்திருந்தாள். "நான் அப்படிச் சொல்லலையே மேடம். நோயாளி சொன்னதை மாத்தி எழுதுனா நம்ம வார்டுல என்ன பண்ணுவீங்க? மெமோ குடுப்பீங்கள்ல?"

பந்தலின் பின்பக்கத்தில் தமிழ்செல்வி மட்டும் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

"போதும் மக்களே, எறங்கு," என்றாள் மரியா பல்லைக் கடித்துக்கொண்டு. மைக் அதையும் பந்தலுக்குச் சொல்லிவிட்டது.

"இதோ முடிச்சிடறேன். என்னை ஓடச் சொன்னது இவங்க. ஓடினேன். தவக்காலம் முழுக்கப் படுத்துக் கெடந்தேன். டாக்டர் சர்டிபிகேட் கொண்டுபோனேன். அதைத் தொடாம, நான் ஓடுற வீடியோவைக் காட்டி எனக்கு நைட் டியூட்டி போட்டதும் இவங்க."

மரியா மைக்கைத் தாழ்த்தினாள். இனி அவள் சொல்லமாட்டாள். அதற்காகத்தான் அக்னஸ் காத்திருந்தாள். தலையைத் திருப்பி முன்வரிசையைப் பார்த்தாள். "அரோரா சாப்," என்று தொடங்கி, இத்தனையையும் வரிசை பிசகாமல் வார்டு இந்தியில் சொன்னாள். இலக்கணம் தள்ளாடியது. அர்த்தம் தள்ளாடவில்லை. அரோரா கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இருதயசாமி அண்ணன் கீபோர்டுக்காரருக்குக் கை காட்டினார். பாட்டு தொடங்குவதற்குள் அக்னஸ் தமிழுக்குத் திரும்பினாள். "ஆண்டவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் என்னை ஓடச் சொல்லல. இங்க யாராவது சீக்காளி இருந்தா மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஓடச் சொன்னா ஓடாதீங்க."

அதற்குப் பிறகு மைக் வேலை செய்யவில்லை. தேவைப்படவும் இல்லை. அவளுக்கு அடுத்து சாட்சி சொல்ல நின்றவர் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கிளார்க், போன வருஷம் முழங்கால் குணமானவர். அவர் மேடையில் ஏறி, பாட்டுச் சத்தத்துக்கு நடுவே இருதயசாமியைப் பார்த்து, "அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும் ஓய்," என்றார்.

இரண்டாம் நாள் அக்னஸ் விழுந்தாள். எதிர்பார்த்ததுதான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். பெலிக்ஸ் கரண்டியால் கஞ்சி ஊட்டினான். வலியில் கிடந்தவளின் முகத்தில் ஒரு திருப்தி இருந்ததை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் பங்குச்சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியவரைப் பெலிக்ஸ் உட்கார வைத்தான். நற்கருணை கொடுத்த பிறகு சாமியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"மரியா அழறாங்கம்மா. அவங்க செஞ்சது தப்புதான். ஆனா சபை நடுவுல... நீ மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

"மன்னிக்கிறேன் சாமி. ஆனா அதுக்கு ரொம்பத் தெம்பு வேணும். இப்ப எனக்குக் கழிப்பறைக்குப் போகவே பத்தல. முதல்ல அது வரட்டும்."

சாமியார் பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தான்.

மறுநாள் தமிழ்செல்வி வந்தாள். மேடையில் பேசியதும் இப்போது வீடியோவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ அதற்கு இந்தியில் எழுத்தும் போட்டிருந்தார்கள். இரண்டு நோயாளிகளின் வீட்டார் வரவேற்பில் வந்து, இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் சான்றிதழைப் பார்த்தா, வீடியோவைப் பார்த்தா என்று கேட்டிருக்கிறார்கள். அரோராவுக்கு மனசாட்சியைவிட வரவேற்பறை முக்கியம்.

"வராந்தாவுல நிக்க வச்சே கேட்டான்டி அந்தாளு. எல்லா ஸ்டாஃபும் பாத்துக்கிட்டு நிக்கறோம். 'டியூட்டி போடறதுக்கு நீங்க போன்ல சினிமா பாப்பீங்களா மேடம்?'னு. அந்தம்மா மொகத்தைப் பாக்கணுமே."

"எப்படி இருந்துச்சு?"

"நாலு நைட் டியூட்டி சேந்தாப்புல பாத்தவ மாதிரி."

"இன்னொருக்கா சொல்லுடி," என்றாள் அக்னஸ், கண்ணைத் திறக்காமல்.

மார்ச் பிறப்பதற்கு முன்பே பெலிக்ஸின் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவின் படம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ரத்த மாதிரி எடுக்கும் அறை, பகல் டியூட்டி, உடல்நிலையை முன்னிட்டு. பெலிக்ஸ் அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அக்னஸ் அழவில்லை. "கீழ யாரு கையெழுத்து?" என்று கேட்டாள்.

"சூப்பரின்டெண்டென்ட் கையெழுத்து. மரியாம்மாதான்."

"பெருசு பண்ணிக் காட்டுங்க."

அவன் விரலால் பெரிதாக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். கூசிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கோணலா இருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"கோணலாத்தான் இருக்கு."

"அப்ப சரி," என்று அக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள். வேலையில் சேர வேண்டிய நாள் இன்னும் இரண்டு வாரம் தள்ளி இருந்தது. அசையாமல் கிடந்தால் அதற்குள் எழுந்துவிடலாம்.